ஓடச் சொன்னார்கள், ஓடினாள்

தி. நகரில் புடவைக் கடைக்குள் நுழைந்தால் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது புடவையை அல்ல. படிக்கட்டு எங்கே இருக்கிறது, பின்பக்கம் ஒரு வழி உண்டா, அந்த வழியில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். ஒரு கடையில் விற்பனைப் பெண்ணிடம், "இந்தக் கதவு எங்கேம்மா போகும்?" என்று கேட்டேன். அவள் டாய்லெட் இருக்கும் திசையைக் காட்டினாள். போன வருஷம் மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து இப்படி ஆகிவிட்டேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் அறிவிப்பு வந்தது. கூட்டமான இடத்தில் யாராவது ஆயுதத்தோடு புகுந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் தாக்கத் தொடங்கினால் பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலை பயிற்சி, இலவசம், மோர் உண்டு. குழுவில் பாதிப் பேர் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவர் இதெல்லாம் அபசகுனம் என்று எழுதினார். எனக்கோ இருப்பு கொள்ளவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, அடுத்தவர்களுக்கு என்னென்ன கெடுதல் நேரலாம் என்று யோசிப்பதையே வேலையாகப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆனால் நேரும்போது என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித் தந்ததில்லை.

என்னோடு வந்தவள் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. சின்ன வயதிலேயே கணவனை இழந்து, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அந்தக் குழந்தைக்கு இப்போது புனேயில் வேலை, கல்யாணமும் ஆகிவிட்டது. என் கணவர் காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு முழங்கால் இரண்டும் தகராறு. கைத்தடி இருந்தும், படி இறங்க அவள் தோள் வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அவள் பையன் ஃபோன் செய்து, "எப்பம்மா வரே?" என்று கேட்பான். அங்கே அவளுக்கென்று ஜன்னல் வைத்த ஓர் அறை தயாராக இருந்தது. எங்கள் வீட்டில் அவள் படுத்தது கூடத்தில். "மன்னியை விட்டுட்டு எப்படிடா வருவேன்?" என்பாள் அவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். போ என்று நான் சொன்னதில்லை. போகாதே என்றும் சொன்னதில்லை, அதற்குத் தேவை வரவில்லை.

பயிற்சிக்கு வர அவளுக்கு இஷ்டமே இல்லை. "நேக்கு என்னத்துக்கு மன்னி இதெல்லாம்? கேட்டா ராத்திரி தூக்கம் வராது" என்றாள். ஆனால் மண்டபத்துக்கு ஏழெட்டுப் படி உண்டு என்று அவளுக்குத் தெரியும். அதனால் வந்தாள்.

பயிற்சி கொடுத்தவர் ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். ஒல்லியான மனிதர், பெரிய குரல், மைக் வேண்டாம் என்றுவிட்டார்.

"மூணே விஷயம்தான். ஓட முடிஞ்சா ஓடுங்க. முடியலையா, ஒளிஞ்சுக்குங்க. பத்திரமான எடத்துக்குப் போனப்புறம் போலீசுக்குச் சொல்லுங்க. ஓடும்போது கூட வர்றவங்களை இழுத்துக்கிட்டுப் போங்க. வராதவங்களுக்காக நிக்காதீங்க."

நான் கையைத் தூக்கினேன். "வர முடியாதவங்க?"

அவர் என் கைத்தடியைப் பார்த்தார். "ஒளிஞ்சுக்கணும்மா. எங்க ஒளியறதுன்னு உக்காரும்போதே பாத்து வெச்சுக்கணும்."

பூசி மெழுகாத அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் என் வாயை யாராலும் அடைக்க முடியவில்லை. மணமகள் அறை நல்லதா, ஸ்டோர் ரூம் நல்லதா? எதில் உள்தாழ்ப்பாள் உறுதியாக இருக்கிறதோ அது. விளக்கை அணைக்கணுமா? அணைக்கணும், ஃபோனையும் சத்தமில்லாமல் வைக்கணும். போலீஸ் வந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா? கூடாது, விரித்த கைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கணும், யார் எவர் என்று அவர்களுக்குத் தெரியாது. முதலில் வரும் போலீஸ் அடிபட்டுக் கிடப்பவர்களைத் தாண்டிக்கொண்டுதான் போகும் என்றும் சொன்னார். தாக்குகிறவனை நிறுத்தினால்தான் மற்றவர்கள் பிழைப்பார்களாம். இத்தனை வயதில் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. நாத்தனாருக்குத் தாளவில்லை.

"இதென்ன அநியாயம் மன்னி? ஒரு வாய் தீர்த்தம்கூடக் குடுக்காம தாண்டிண்டு போயிடுவாளா?" என்றாள் என் காதில்.

பிறகு ஒத்திகை. அவருடைய உதவியாளர் செய்தித்தாளைச் சுருட்டிக் கத்தி போலப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்குவார். விசில் கேட்டதும் எல்லாரும் தப்பிக்க வேண்டும். செய்தித்தாள் முதுகில் பட்டால் செத்தவர் கணக்கு.

விசில் ஊதினார்கள். கூட்டம் திமுதிமுவென்று வாசலுக்கு ஓடியது. ஓடிய வேகத்தில் அப்படியே நின்றது. வாசலில் நாங்கள் கழற்றிவிட்ட செருப்புகள் குவிந்து கிடந்தன. ஒருவர் குனிந்து தம் ஜோடியில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஓர் அம்மாள், "ஓரமாத்தானே விட்டேன், புதுச் செருப்பு" என்று புலம்பினாள். பின்னால் நின்றவர்கள் முறை வருவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். உதவியாளர் அவசரமே இல்லாமல் நடந்துபோய் ஒவ்வொரு முதுகாகத் தட்டினார். "செருப்பு இருக்கற எடத்துலயே மொத்த மண்டபமும் காலி!" என்றார் பயிற்சியாளர். செத்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நாங்கள் இருவரும் அதற்கு முன்பே செத்திருந்தோம். நான் நாற்காலியிலிருந்து எழுந்து கைத்தடியைப் பிடிப்பதற்குள் தட்டிவிட்டார்கள். என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்ற நாத்தனாருக்கும் ஒரு தட்டு.

"நீங்க ஏம்மா நின்னீங்க?" என்று அவளைக் கேட்டார் பயிற்சியாளர்.

"மன்னியால நடக்க முடியாது."

"அப்ப ரெண்டு பேரும் போயாச்சு. ஒருத்தர் பொழைச்சிருக்கலாம்."

எனக்கு அது சரியான கணக்காகத்தான் பட்டது. அந்த நிமிஷம் அதைக் கணக்காக மட்டுமே பார்த்தேன்.

நடுவில் ரத்தம் நிறுத்தும் பாடம். மெத்தைப் பஞ்சில் ஓட்டை போட்டு, அதிலிருந்து சிவப்புத் தண்ணீர் கசிகிற மாதிரி செய்திருந்தார்கள். ஓட்டைக்குள் துணியைத் திணித்து, முட்டி போட்டு, உடம்பின் கனத்தை எல்லாம் கையில் இறக்கி அழுத்த வேண்டும். அடிபட்டவர் வலிக்கிறது என்று அலறினாலும் கையை எடுக்கக்கூடாது. என்னால் முட்டி போட முடியாது. நாத்தனார் போட்டாள், சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி உள்ளங்கையால் அழுத்தினாள். தண்ணீர் நின்றுவிட்டது. தலைநிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேண்டாவெறுப்பாக வந்தவளுக்கு இவ்வளவு ரசிக்கிறதே என்று நினைத்தேன்.

மறுபடி ஒத்திகை. இந்தத் தடவை நான் முன்யோசனையோடு ஸ்டோர் ரூம் கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். நாத்தனார் என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். விசில் கேட்டதும் வழக்கம்போல அவள் தோளுக்குக் கையை நீட்டினேன். தோள் இல்லை. நாற்காலி காலி. சாப்பாட்டுக் கூடத்தின் பின்வாசலை நோக்கிப் புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு அவள் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கொண்டை அவிழ்ந்து முதுகில் புரள, முன்னால் போனவர்களையெல்லாம் தாண்டி ஓடினாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கையைப் பிடித்து இழுத்தது மண்டப வாசலில் பூ விற்கிற பெண். மோர் குடிக்க உள்ளே வந்து, வேடிக்கை பார்த்து, ஆட்டத்தில் சேர்ந்துகொண்டவள்.

"இன்னா மாமி, குந்திக்கினு கீற? எந்திரி, எந்திரி!"

என்னை ஸ்டோர் ரூமுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். அண்டாக்களுக்கு நடுவே இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். எல்லாம் பாடப்படி நடந்தது. அப்போது அவள் இடுப்பிலிருந்த ஃபோன் அம்மன் பாட்டை அலறவிட்டது. எடுத்து, "யக்கா, அப்பறமா பேசு, இங்க ஒளிஞ்சிக்கினு கீறேன்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. கதவில் செய்தித்தாளால் தட்டும் சத்தம் கேட்டது. "உள்ள ரெண்டு பேர்" என்றார் உதவியாளர். அவள் அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்து பார்த்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. பிழைத்தவர்கள் கொல்லைப்புறச் சந்தில் மோரோடு நின்றிருந்தார்கள். நடுவில் நாத்தனார். முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வியர்வை.

"இந்த அம்மா செஞ்சதுதான் சரி. செருப்பைப் பாக்கல, யாருக்காகவும் நிக்கல" என்றார் பயிற்சியாளர்.

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மண்டபம் முழுக்கச் செத்தபோது கூடவே செத்தவள், அரைமணி நேரத்தில் இப்படிக் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று கோபம் கோபமாக வந்தது. ஒத்திகைக்குப் போய்க் கோபப்படுகிறோமே என்ற வெட்கம் வேறு.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். வீட்டுப் படியில் வழக்கம்போலத் தோள் கொடுத்தாள். சாப்பாடு போட்டாள், ரசத்தில் உப்பு இல்லை. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏண்டி, என்னை விட்டுட்டு ஓடிட்டியே?"

"ஓடச் சொன்னார், ஓடினேன்" என்றாள். கரண்டியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்றேன் மன்னி, கோச்சுக்கப்படாது. ஓடறச்சே உங்க ஞாபகமே வரலை. வாசல் ஒண்ணுதான் கண்ணுல தெரிஞ்சுது. வெளில நின்னுண்டு பாதி மோர் குடிச்சப்புறம்தான், ஐயோ மன்னின்னு தோணித்து." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இத்தனை வருஷம் கழிச்சு நான் இப்படிப்பட்டவளா மன்னி?"

அவளைச் சமாதானம் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையிலிருந்து கேள்வி கேட்டுக் கேட்டு ஊறிப்போன வாய், அதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேட்டுவிட்டது. அதற்கு உண்மையாகவே எனக்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது.

"ஓடறப்ப எப்படி இருந்தது?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யோசித்தாள்.

"நன்னா இருந்தது மன்னி" என்றாள்.

மாலையில் புனேயிலிருந்து ஃபோன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். மழையா, வெயிலா, மருந்து சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு அவன் வழக்கமான கேள்விக்கு வந்தான். "எப்பம்மா வரே?" அவள் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டாள்.

நான் பேப்பரைக் கீழே வைத்தேன். "வரேன்னு சொல்லு" என்றேன்.

மறுப்பாள் என்று நினைத்தேன். நீங்க தனியா என்ன பண்ணுவேள், படி எப்படி இறங்குவேள் என்று கேட்பாள். அதற்கெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தேன். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்கிறேன், கீழ்வீட்டுக்கு மாறிவிடுகிறேன், இன்னும் என்னென்னவோ. இரண்டு மூன்று தடவை அவள் மறுத்து, நான் வற்புறுத்தி, கடைசியில் இருவரும் அழுது ஓய்ந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று எனக்கு ஆசை.

"வரேண்டா" என்றாள் அவள் ஃபோனில்.

என்னை ஒரு வார்த்தையாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். ரயிலில் வருவதா, விமானத்தில் வருவதா என்று அவள் பையனிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.