மேலாகச் சுற்றிய ரோப்

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். அப்படிப்பட்டவன் பேனா எடுத்திருப்பது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேளைக்குப் பேசத் தெரிந்திருந்தால் இதில் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

பொதட்டூர்பேட்டையில் நான் ஓட்டிக்கொண்டிருந்த தறி ஷெட்டை மூடிவிட்டார்கள். அப்போது திருத்தணியிலிருந்து என் அக்கா புருஷன் போன் செய்தார். அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். லாரி ரிப்பேர் ஷெட் வைத்திருக்கிறார். ஏலத்தில் பழைய மிலிட்டரி டிரக் ஒன்றை எடுத்திருந்தார். "சும்மாதான குந்திகினு இருக்கற, கொஞ்ச நாள் வந்து கூட நில்லுடா" என்றார். மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தேன்.

டிரக் ஷெட்டையே அடைத்துக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் நுழைந்துதான் உள்ளே போக வேண்டும். அதற்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் என் பாய். கண் விழித்தால் முதலில் தெரிவது பச்சைப் பெயின்ட் உரிந்த கதவு.

பிரேக், ரேடியேட்டர், வயரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடைசியில் வின்ச். முன் பம்பரில் இருக்கிற இரும்பு உருளை அது. என்ஜின் சக்தியில் சுழன்று கம்பி ரோப்பை உள்ளே இழுக்கும். பள்ளத்தில் இறங்கிய லாரிகளை இழுத்துப் பிழைக்கலாம் என்பது பாவாவின் கணக்கு. உருளை துருவேறி இறுகிக் கிடந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டி, தட்டித் தட்டிக் கழற்றினோம். உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருந்தது. அரக்கோணத்தில் ஒரு லேத்தில் புதிதாகக் கடைந்து வாங்கினோம். உருளையை என்ஜினோடு சேர்க்கிற, வண்டிக்குள் இருந்த வின்ச் லீவர் மட்டும் பிடிமானம் இல்லாமல் தானாகக் கழன்றுகொள்ளும். "அப்பறம் பாத்துக்கலாம்" என்று பாவா அதை விட்டுவிட்டார்.

மனைவி போனில் கேட்பாள்.

"எப்ப வர்ற?"

"வின்ச்சு முடியணும்."

"போன வாட்டி பிரேக்கு முடியணும்னு சொன்ன. அந்த வண்டியையே கட்டிக்கினு இரு."

ஒருநாள் அவளே சேதி சொன்னாள். ஊரில் வேறொருவர் ஷெட் எடுத்துத் தறி போடுகிறாராம். எனக்கென்று இரண்டு தறி வைத்திருப்பாராம், ஆடிக் கிருத்திகை வரைக்கும். அதற்குள் நான் வராவிட்டால் வேறு ஆள்.

அன்றைக்கே சொல்லிவிட நினைத்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் பாவா அக்காவிடம், "உன் தம்பி இல்லன்னா இந்த வண்டி ஏது? வின்ச்சு ஓடட்டும், இவன்தான் ஆபரேட்டரு. வேற எவனையும் தொட விடமாட்டேன்" என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு விழுந்தது. வேலை முடியாவிட்டால் போக முடியாது, முடிந்தாலும் போக முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன்.

கிருத்திகை நெருங்கிவிட்டது. பாவா பூஜைச் சாமான் வாங்கப் போன நேரத்தில் புது ரோப்பை நான் ஒருவனே உருளையில் சுற்றினேன். தறியில் பாவு நூலைச் சுற்றுகிற மாதிரி, சுற்றோடு சுற்று ஒட்டி, இடைவெளி இல்லாமல், கையால் தடவித் தடவி. திரும்பி வந்த பாவா தூர நின்றே பார்த்துவிட்டு, "பொடவை மாதிரி இருக்குதுடா" என்றார்.

மறுநாள் காலை மலையடிவாரத்தில் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றிப் புறப்பட்டோம். பக்கத்து ஊர் ஏரியில் செங்கல் ஏற்றிய டிரெய்லர் ஒன்று கரையிலிருந்து சரிந்து கிடந்தது. டிராக்டர்காரர் டிராக்டரை மட்டும் கழற்றி ஓரமாக நிறுத்தியிருந்தார். நாங்கள் டிரக்கைக் கரைமேல் நிறுத்தி ரோப்பை மாட்டினோம். உள்ளே நான். எந்தப் பக்கம் தள்ளினால் ரோப் உள்ளே வருமோ அந்தப் பக்கம் லீவரைத் தள்ளினேன். டிரெய்லர் முனகிக்கொண்டு ஏறியது.

"ஆங், அப்படித்தான்! நிறுத்து!" என்றார் பாவா.

கிளட்ச்சை மிதித்தேன். வின்ச்சின் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. உருளை பின்னால் சுழன்று, டிரெய்லர் கீழே ஓடியது. பயந்து காலை எடுத்தேன். வண்டி குலுங்கி என்ஜின் நின்றது, டிரெய்லரும் நின்றது. லீவர் மட்டும் கழலப் பார்த்துக் கையில் துடித்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். நின்ற என்ஜின்தான் உருளையைப் பிடித்திருந்தது; லீவரை விட்டால் மொத்தமும் ஏரிக்குள் போகும்.

பாவா உருளையைக் குனிந்து பார்த்தார். "டேய், ரோப்பு மேலாக்கா வருது! அடியால வரணும்டா. ஒரு பக்கம் சுத்துனாதான் இதுல பிரேக்கு புடிக்கும்."

டிராக்டர்காரர் சக்கரத்துக்குக் கீழே செங்கல் வைத்தார். அது நொறுங்கியது. "இன்னா ஆபரேட்டரே, எறங்க மாட்டியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கருங்கல் தேடிப் போனார்.

பாவா படியில் ஏறி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது.

"ஏன்டா மேலாக்கா சுத்துன?"

"எங்க தறியில அப்படித்தான் பாவா. பாவு மேலாக்கா வரும்."

"இது தறியாடா?"

"இல்ல பாவா. நான் தறிக்கே போறேன்."

இறங்கி ஓட வழியில்லாததால் வாயில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். மீதியையும் சொன்னேன். இரண்டு தறி, கிருத்திகை, மனைவி எல்லாம்.

பாவா கேட்டார்.

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"சொல்ல வரும்போதெல்லாம் அக்கா கொழம்பு ஊத்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. "வின்ச்சுக்கு நான் யாரத் தேடுவேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, போ. இப்ப லீவர உட்டுட்டுப் போயிடாத" என்றார்.

கருங்கல் வந்து சேர்ந்து, சக்கரங்களுக்கு அணை கொடுத்த பிறகும் என் விரல்கள் விரியவில்லை. பாவாதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

மறுநாள் காலை ரோப்பை முழுக்க அவிழ்த்து அடியாகச் சுற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். கிருத்திகைக்கு முந்தின நாள் கூட்டம், உட்கார இடம் இல்லை.