திரைக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மா

நர்ஸ் வேலையில் முதலில் தேய்வது செருப்பு. படித்ததெல்லாம் அதற்கப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும். என்னோடு சேர்ந்து தேய்ந்த தோழிகளே, வயிறு வலிக்கச் சிரிக்க ஒன்று வைத்திருக்கிறேன். உடனே தரமாட்டேன். ஓ.பி. சீட்டு வாங்கியவர்கள் மாதிரி கொஞ்சம் உட்காருங்கள்.

ஒரே சிஸ்டர்

கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. போன வருஷம் அங்கேதான் எனக்குப் பயிற்சி. இருபது கட்டிலுக்கு ஒரே வசந்தா சிஸ்டர். ஊசி, பிரசவம், ரிஜிஸ்டர், கரண்ட் போனால் ஜெனரேட்டர், எல்லாம் அவர்தான். மத்தியானச் சோற்று டப்பாவை நாலு மணிக்குத் திறந்து நின்றபடியே சாப்பிடுவார். இப்போது நான் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார நாற்காலி உண்டு. ஆனால் சிஸ்டரின் டப்பாவில் ஒரு வாய் பிடுங்கித் தின்ற ருசி இல்லை. யார் குரலும் எனக்கு அப்படியே வரும்; அங்கிருந்த ஒரே டாக்டரம்மாவின் குரலில் நான் செருமினால் சிஸ்டர் பதறிப்போய் டப்பாவை மூடுவார். பிறகு என்னைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "ஒனக்கு வாய் இருக்குற அளவுக்குக் கை இருந்தா, எனக்கு இன்னொரு நர்ஸு கெடச்சிருக்கும்டி."

ஏழாம் கட்டில்

ஏழாம் கட்டிலில் கோவிந்தன் பெரியவர். சர்க்கரை, குதிகாலில் புண். தினம் கட்டு மாற்றாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும். அவரோ டாக்டரம்மா வாயால் சொன்னால்தான் காலை நீட்டுவார். டாக்டரம்மா காலையில் மட்டும்தான் வருவார்; சிஸ்டருக்குக் கட்டு மாற்றக் கை ஒழிவதோ சாயங்காலம். கெஞ்ச அவருக்கு நேரமில்லை. நான் பச்சைத் திரைக்குப் பின்னால் நின்று, டாக்டரம்மா குரலில், கால் வேண்டுமா வேண்டாமா என்று அதட்டினேன். கால் நீண்டது. பத்து நாள் இப்படியே ஓடி, புண்ணும் ஆறத் தொடங்கியது. பெரியவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமையடித்தார்: "எனக்குன்னு தினம் வர்றாங்க. மூஞ்சி காட்டத்தான் நேரமில்ல, பாவம்."

பௌர்ணமி

பௌர்ணமி என்றால் டாக்டரம்மாவுக்குக் கிரிவலப் பாதை மருத்துவ முகாமில் ட்யூட்டி. ஊருக்கே தெரியும்; நான்தான் மறந்துவிட்டேன். சாயங்காலம் வழக்கம்போல அதட்டினேன். சிஸ்டர் பழைய கட்டைப் பிரிக்கும்போது பெரியவரின் போன் அடித்தது. கிரிவலம் போன மகள். காலில் கொப்புளமாம், முகாமில் நம்ம டாக்டரம்மாதான் மருந்து போடுகிறாராம், அப்பா கட்டு மாற்ற விடுகிறாரா என்று கேட்கிறாராம்.

பெரியவர் போனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். சிஸ்டரின் கை அப்படியே நின்றது. இனி இந்தக் காலைத் தொடவிடுவாரா? அவர் காலை இழுக்கவில்லை. மகளிடம் நிதானமாகச் சொன்னார்: "வுடறேன்னு சொல்லும்மா. இங்க இருக்குற டாக்டரம்மா, அவங்கள விட ஜாஸ்தி அதட்டுறாங்க."

மூன்று நர்ஸ் வேண்டிய வார்டில் ஒரு நர்ஸும் ஒரு திருட்டுக் குரலுமாகக் காப்பாற்றிய அந்தக் காலைப் பற்றி என் பயிற்சிச் சான்றிதழில் ஒரு வரிகூட இல்லை.