ஸ்டோர்கீப்பர் ஆவதற்காக டிவி பார்த்தேன்

துபாய் சத்வாவில் எங்கள் ரூமில் மூன்று பேர், ஒரு டிவி. நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஆபீஸ் பாய். ஏழு வருடம் டீ போட்டபின், அங்கே ஸ்டோர்கீப்பர் இடம் காலியானது. இன்டர்வியூவில் இங்கிலீஷ் பேசினால் எனக்கே தருவதாக மேனேஜர் சொன்னார். ஒரு மாதம் இருந்தது. நான் தமிழிலேயே அதிகம் பேசாதவன்.

டிவி பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பதில் ரூமில் எல்லோருக்கும் சம்மதம். எந்த நாட்டு டிவி என்பதில்தான் தகராறு.

“பிரிட்டிஷ்காரன்ர நாடகத்தைப் பாரும், தம்பி. அவன்ர இங்கிலீஷ்தான் ஒரிஜினல்,” என்றார் டைப்பிங் சென்டரில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணன்.

“அதுல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாண்ணே. இவரு ஏற்கெனவே அப்படித்தான இருக்காரு? அமெரிக்கா போடுங்க, நல்லா கத்துவான்,” என்றார் ராமநாதபுரத்து டிரைவர்.

“கத்துறதுக்கு நீர் ஒருத்தரே போதும்.”

கடைசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முடிவானது. பிரிட்டிஷ் நாடகத்தில் சின்ன வீடு, வெளியே மழை. கோபம் வந்தவர்கள் ‘சாரி’ என்றார்கள். அமெரிக்க நாடகத்தில் பெரிய வீடு, ஒரே சோபாவில் ஐந்து பேர். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவனுக்கு யாரோ கைதட்டினார்கள். இரண்டிலும் எனக்குப் பாதி புரிந்தது. வேறு வேறு பாதி.

இன்டர்வியூவில் மேனேஜரும் ஒரு பிரிட்டிஷ் இன்ஜினியரும் இருந்தார்கள். மேனேஜர் கனடாக்காரர். இங்கிலீஷ் எங்கே படித்தாய் என்றார்கள். டிவியில் என்றேன். எந்த ஊர் டிவி நல்லது, எங்களுடையதா, அமெரிக்காவினுடையதா என்று இன்ஜினியர் சிரித்துக்கொண்டே கேட்டார். கனடா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்கிற அளவுக்கு இங்கிலீஷும் இல்லை.

“பிரிட்டிஷ், சார்.”

“ஏன்?” என்றார் மேனேஜர்.

“அமெரிக்க டிவியில் கப் காலி, சார். காலி கப்பைத்தான் குடிக்கிறார்கள். டீ இருந்தால் கையை இப்படி ஆட்டிப் பேச முடியாது, சிந்தும். பிரிட்டிஷ் டிவியில் உள்ளே டீ இருக்கிறது. சில நாள் ஆவிகூட வருகிறது.”

அதுவரை நான் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான இங்கிலீஷ் அதுதான். மேனேஜர் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். பெட்டியைத் திறக்காமலே காலி என்று கண்டுபிடிக்கிற ஆள் ஸ்டோருக்கு வேண்டும் என்று இன்ஜினியரிடம் சொன்னார். இன்ஜினியர் ‘சாரி’ என்றார். எதற்கென்று தெரியவில்லை.

அடுத்த வாரம் கடிதம் கொடுத்தார்கள். நான் ஸ்டோர்கீப்பர். வேறு ஆபீஸ் பாய் வரும்வரை டீயும் நானே போட வேண்டும் என்று அதன் கீழே இருந்தது. அவன் வரப் பதினான்கு மாதம் ஆனது.