எல்லாரும் தாத்தாதான்

போன மாதம் தாத்தா இறந்தபோது, அவர் இருந்த முதியோர் இல்லத்துக்காரர்களே அடக்கம் செய்தார்கள். அவருக்கு யாரும் இல்லை என்பது அங்கே கணக்கு. அப்பாவும் நானும் மற்றவர்களோடு வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தோம்.

திண்டுக்கல்லில் அந்த இல்லத்தைக் கட்டியவர் அந்தக் காலத்துத் தோல் வியாபாரி. அவருக்குப் பிள்ளை இல்லை. அதனால் பிள்ளை இல்லாத வயசாளிகளைத்தான் சேர்க்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளை இருக்கிறவர்களுக்கும் அந்த இடம் தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தாத்தாவுக்கு ஒரு பிள்ளை இருந்தார், என் அப்பா. சர்க்கரை வியாதியில் தாத்தாவுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் வேடசந்தூர் மில்லுக்குப் போய்விட்டால் அவரைத் தூக்கி உட்காரவைக்க வீட்டில் ஆளில்லை. "எங்க தெருக்காரரு, நாதியில்லாதவரு" என்று சொல்லி அப்பாதான் அங்கே சேர்த்துவிட்டார்.

முதல்முறை பார்க்கப் போனபோது எனக்கு ஏழு வயசு. பஸ்ஸிலேயே அப்பா மிரட்டினார்.

"ஏ புள்ள, அங்க வந்து தாத்தான்னு வாயத் தொறந்துறாத. பெரியவரேன்னு கூப்புடணும். தெரிஞ்சா வெளிய அனுப்பிருவாக."

"அனுப்புனா வீட்டுக்கு வந்துருவாருல்ல?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இல்லத்தில் ஒரு சிஸ்டர் என் கையில் வாழைப்பழத் தட்டைக் கொடுத்தார். "இந்தாங்க தாத்தா, இந்தாங்க பாட்டி" என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனேன். எங்கள் தாத்தா முன்னால் வந்ததும் நின்றேன். அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "பெரியவரே, பழம் எடுத்துக்கங்க" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். "என்னய்யா, எங்களயெல்லாம் தாத்தாங்குது, ஒன்ன மட்டும் பெரியவரேங்குது. நீ என்ன நாட்டாமையா?"

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. சிஸ்டர் என்னைப் பார்த்தார். அப்புறம் தாத்தாவின் மூக்கைப் பார்த்தார், அப்பாவின் மூக்கைப் பார்த்தார்.

"இவரையும் தாத்தான்னே கூப்புடு பாப்பா. இங்க எல்லாரும் தாத்தாதான்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வெஞ்சனம் கருகுவதாக உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "தாத்தா, போய்ட்டு வாரேன்!" என்று கத்தினேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிக் கையாட்டினார்கள். எங்கள் தாத்தா மட்டும் திரும்பவில்லை. குனிந்து பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார்.

காலோடு காதும் போய்விட்டது என்று நினைத்து, நான் இன்னும் பலமாகக் கத்தினேன்.