அரைப்பேர் டீச்சர்

ஹட்டனில் நான் மூட்டை இறக்கும் கடைக்குப் போன வாரம் ஒரு பெண் கரும்பலகைச் சோக் கட்டி வாங்க வந்தது. "டீச்சருங்களா?" என்று கடைக்கார நானா கேட்டார். "இல்லைங்க, டீச்சர் வர்ற வரைக்கும் பாத்துக்கிறேன்" என்றது அந்தப் பிள்ளை. அன்று முழுக்க எனக்கு என் சித்தியின் ஞாபகமாகவே இருந்தது.

டிக்கோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் நான்கு கால்களும் இருந்தன. அது எங்கள் டீச்சருடையது. பிள்ளை பெற லீவில் போனபோது தன் குடையை அதன் முதுகில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக என் அம்மாவின் தங்கை வந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சாதாரண தரப் பரீட்சை பாஸான ஒரே ஆள் அவள்தான். குடை இருந்த நாற்காலியில் அவள் உட்காரக் கூடாது என்று பெரிய மாஸ்டர் சொல்லிவிட்டார். சித்தி காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றபடியே பாடம் நடத்தினாள்.

சம்பளம் கிடையாது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகாததால் அந்தக் கூலியும் கிடையாது. அம்மாவின் நல்ல சேலைகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வருவாள்.

"செக்ரோல் பதிவுல பேரை வெட்டிட்டா திரும்ப எழுத மாட்டாங்கடி" என்று அம்மா அடுப்படியில் புலம்புவாள்.

"மாஸ்டர் கல்விக் கந்தோர்ல ஒரு வார்த்தை சொல்றேன்னிருக்காரு அக்கா. சொன்னா நெரந்தரமாக்கிடுவாங்க."

"நம்மள மாதிரி ஆளுக்கு அவரு சொல்லிக் கிழிச்சாரு."

வகுப்பில் யாரும் சித்தியை டீச்சர் என்று கூப்பிடவில்லை. மலையில் கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள், அதற்கு அரைப்பேர் என்று பெயர். அதை வைத்துக் கங்காணியின் மகன் அவளுக்கு 'அரைப்பேர் டீச்சர்' என்று பட்டம் கட்டிவிட்டான். அவள் உள்ளே வரும்போது ஒருவரும் எழுந்திருப்பதில்லை.

"எந்திரிச்சு வணக்கம் சொல்லுங்க" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"நீங்க டீச்சரா அக்கா? எங்கப்பா நேத்தும் காலையில வேலைக்குப் பெரட்டுல ஒங்க பேரைக் கூப்பிட்டுப் பாத்தாராமே" என்றான் கங்காணியின் மகன். வகுப்பே சிரித்தது. கடைசி வரிசையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு எப்போதுமே நாலு பேர் முன்னால் வாய் வராது. சித்தி திரும்பி, கரும்பலகையில் பெருக்கல் வாய்பாட்டை எழுதத் தொடங்கினாள். அந்த வருடம்தான் எங்களில் அதுவரை வாசிக்கத் தெரியாதிருந்த பாதிப் பேருக்கும் வாசிக்க வந்தது. எனக்கும்தான்.

பிறகு ஒருநாள், கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி ஐயா வரப்போவதாகச் சேதி வந்தது. எல்லா வகுப்பையும் தானே பார்ப்பதாகத்தான் மாஸ்டர் அங்கே சொல்லி வைத்திருந்தார். பதிலுக்கு ஆள் வைக்க அவருக்கு அனுமதி இல்லை. அதனால் அன்றைக்கு மட்டும் குசினி அடுப்படியிலேயே இருந்து தேத்தண்ணி ஊற்றும்படி சித்தியிடம் சொன்னார். சித்தி "சரிங்க சேர்" என்றாள். எங்களுக்கு அவர் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். வாசலில் யார் தலை தெரிந்தாலும் எழுந்து நின்று சத்தமாக வணக்கம் சொல்ல வேண்டும். ஆம்பிளை என்றால் சேர், பொம்பிளை என்றால் டீச்சர். பிந்தியவனுக்கு முட்டியில் அடிமட்டத்தால் ஓர் அடி.

ஐயா வந்தார். "வணக்கம் சேர்!" என்று கூரைத் தகரம் அதிரக் கத்தினோம். அவர் குடையை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்பாடு கேட்டார். வாசிக்கச் சொன்னார். எல்லாருமே சொன்னோம். "நல்லா உழைச்சிருக்கீங்க மாஸ்டர்" என்றார். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் சித்தி தட்டோடு வாசலில் வந்தாள்.

நாங்கள் அத்தனை பேரும் எழுந்தோம். "வணக்கம் டீச்சர்!"

கங்காணியின் மகன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான். சித்தி அங்கேயே நின்றுவிட்டாள்.

"இவங்க யாரு மாஸ்டர்?"

"டீச்சரெல்லாம் இல்லீங்க சேர். லயத்துப் பொண்ணு, தேத்தண்ணி ஊத்த வந்திருக்கு. சும்மா பழக்கத்துல சொல்றானுங்க."

ஐயா சித்தியின் சேலையைப் பார்த்தார், பிறகு காலையில் பலகை துடைத்ததில் அவள் விரல்களில் ஒட்டியிருந்த சோக் தூளைப் பார்த்தார். "வெளி ஆளுங்கள வகுப்புக்குள்ள விட்டா நாளைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று மாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார். சித்தி கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அவள் கண் நிறைந்திருந்ததை நான் பார்த்தேன். அது சந்தோசம் என்றுதான் நினைத்தேன்.

பள்ளி விட்டதும் லயத்துக்கு ஓடினேன். "அம்மா, இன்னைக்கி எல்லாரும் எந்திரிச்சு சித்திக்கு வணக்கம் சொன்னோம். டீச்சர்னு சொன்னோம்!" தண்ணீர்ப் பீலியடியில் சித்தி இரண்டு சேலைகளையும் ஒன்றாகத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று அழுக்கே இல்லாதது.

சாயந்தரம் மழை பிடித்துக்கொண்டது. சேலைகளைக் காம்பரா அறைக்குள் கொடி கட்டிப் போட்டார்கள். எனக்கு ஒரே கவலை. இரண்டையும் நனைத்துவிட்டாளே, விடிந்தால் எதைக் கட்டிக்கொண்டு வருவாள்? இனிமேல்தானே எல்லாரும் எழுந்து நிற்கப் போகிறார்கள்? படுக்கும்வரை ஒரு சேலையின் முந்தானையை அடுப்புக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காய வைத்தேன். சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்தபோது அவள் பாய் சுருட்டியிருந்தது. வெளியே வந்து பார்த்தேன். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடையோடு, பெரட்டுக் களத்தில் கடைசி ஆளாக நின்றாள். பேரை ஏற்கெனவே வெட்டிவிட்டார்களாம். பறித்ததற்கு மட்டும் அன்றன்று கொடுக்கும் கைக்காசுக்குத்தான் எடுப்பார்களாம். "என்ன டீச்சரம்மா, மலையில எந்த கிளாசு?" என்று கங்காணி கேட்க, பெண்கள் சிரித்தார்கள்.

நான் உள்ளே ஓடிச் சேலையைத் தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் இன்னும் ஈரம் இருந்தது. அதனால்தான் போய்விட்டாள், நாளைக்குள் காய்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, அதை மறுபடியும் அடுப்புப் பக்கமாகத் தள்ளிப் போட்டேன்.