டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் என் ரேஸ் கார்

அடுத்த ஞாயிறு கோவை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக என் பழைய சின்னக் காரைத் தரையை ஒட்டித் தாழ்த்தி, கெட்டியான ஸ்பிரிங் போட்டிருந்தேன். ஒரே மாதத்தில் மூன்று முறை கழற்றி மாட்டியாயிற்று. இப்போது வளைவில் வண்டி சாயவே சாயாது.

இன்று காலை மனைவியை முதுகுவலி டாக்டரிடம் அழைத்துப் போனேன். கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே பனியன் செக்கிங் செய்து வந்த வலி. வேலம்பாளையம் தாண்டுவதற்குள் ஒவ்வொரு குழிக்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அனுப்பர்பாளையத்தில், "ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன். இறங்கிப் போய், முன்னால் நின்ற டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வரை அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினேன்.

வாசலில், "கோவமா?" என்றேன்.

"இல்லீங்க. பஸ்ல அவ்வளவா வலிக்கலீங்க."



டாக்டரைப் பார்த்தபின் அவளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, நேராக மெக்கானிக் பாயிடம் போனேன்.

"பழைய ஸ்பிரிங்கையே போட்டுருங்க பாய்."

"டிராக்ல வண்டி அலையுமுங்க."

"அலையட்டுங்க. எனக்கு அலுத்துப்போச்சு."

கழற்றிய நான்கு ஸ்பிரிங்கும் டிக்கியில் கிடக்கின்றன. வேண்டியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.