பாறையில் நின்றவன்

நியூ ஹாம்ப்ஷயரில் நாங்கள் இரட்டைப் படங்களை அட்டையில் ஒட்டும் வேலை செய்தோம்; பக்கம் பக்கமாக ஒட்டிய இரண்டையும் இரட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் ஒரே காட்சியாக ஆழத்தோடு தெரியும். எனக்குப் பக்கத்து நாற்காலி ஓர்ஃபாவுடையது. அவள் கணவன் லேவி காணாமல் போய் நான்கு வருடம். மேற்கே ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது.

"தங்கம் தோண்டப் போன மகராசன் ஒரு கடுதாசி போடக் கூடாதாடி?" என்று எதிர் நாற்காலி ஹல்டா சீண்டுவாள். ஓர்ஃபா குனிந்து பசை தடவுவாள்.

ஒருநாள் நான்கு வருடம் முன் எடுத்த அருவிப் படம் ஒன்றின் பிரதிகள் கட்டாக வந்தன. ஒரே கேமராவால் இடது படத்தை எடுத்து, சற்று நகர்த்தி வலது படத்தை எடுத்தவை. இடது படத்தில் பாறை விளிம்பில் லேவி நின்றான். வலது படத்தில் பாறை மட்டுமே இருந்தது.

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரங்க?" என்று படம் எடுத்தவரை ஓர்ஃபா கேட்டாள்.

"பத்து எண்ணுற நேரம்மா. நான் கேமராவோட கறுப்புத் துணிக்குள்ள இருந்தேன். அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

அந்தப் பாறை விளிம்பிலிருந்து நடந்து கரைக்குத் திரும்பப் பத்து எண்ணிக்கை போதாது.

ஓர்ஃபா இரண்டையும் ஒட்டி இரட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். லேவி புகைபோல் நடுங்கினான். அவன் மார்பு வழியே தண்ணீர் விழுவது தெரிந்தது.

மறுநாள் அவள் கணவனை இழந்தவளாய்த் துக்கக் கறுப்பு உடுத்தி வந்தாள். ஹல்டா தன் பசைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இந்தப் படத்தோட மீதிப் பிரதியையும் நானே ஒட்டுறேன்," என்றாள் ஓர்ஃபா.

மாலைக்குள் எண்பது அட்டை ஒட்டினாள். எண்பதிலும் அவன் நின்றான், எண்பதிலும் இல்லாமல் போனான்.